முப்பத்துநாலு பல்

ஆபரேஷன் முடிந்து பதினோராவது வாரம் நர்ஸம்மா மறுபடி சைக்கிளில் ஏறினாள். வீட்டு வாசலிலிருந்து தபால் நிலையம் வரை சமதரை. அதில் ஒரு குறையும் இல்லை. தபால் நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முப்பது மிதி மிதித்திருப்பாள். இடது முட்டிக்குள் யாரோ ஊசி ஏற்றியது போலிருந்தது. ஊசி போடுவதையே தொழிலாகக் கொண்டவள் என்பதால் எத்தனையாம் நம்பர் ஊசி என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸாக அவள் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அவளுடைய பாதை வாய்க்கால் கரையோடு ஏறி மேட்டுக்குடியிருப்புக்குப் போகும். அங்கே நாற்பது வீடுகள். கட்டு மாற்ற வேண்டியவர்கள், சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள், பிள்ளை பெற்று வந்த பெண்கள் என்று தினம் பத்துப் பதினோரு வீடாவது ஏறி இறங்க வேண்டும். கரையின் இரு முனையிலும் கல்தூண் நட்டு மோட்டார் வண்டிகளைத் தடுத்திருந்தார்கள். ஜீப்பில் போவதென்றால் கல்குவாரியைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். அந்த ஜீப்பும் வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். நடந்து ஏறலாம் என்றால் டாக்டர் அதற்கும் தடை போட்டுவிட்டார்.

"பையைத் தூக்கிட்டு மேடு ஏறவே கூடாது. சைக்கிள் நல்லதுதான். ஆனா ஒண்ணு, நீங்க மிதிக்கக் கூடாது. சுத்தணும்" என்றார் அவர்.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"மிதிச்சா முட்டி பேசும். சுத்தினா பேசாது."

மேலதிகாரியம்மா கெட்டவர் அல்ல. அவருக்கும் நாற்பது வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துப் பாக்குறேன்மா. முடியலன்னா பதிவேட்டு அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஃபேனுக்கு நேர் கீழ" என்றார். அந்த நாற்காலிக்காகத் தவம் கிடந்தவர்கள் அலுவலகத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். நர்ஸம்மாவுக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

அவளுடைய கணவர் ரொட்டிக்கடைக்காரர். மாவு, உப்பு, சூடு எல்லாமே அவருக்குக் கண்ணளவுதான்; அது ஒரு நாளும் தப்பியதில்லை. அதனால் உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் கண்ணளவே போதும் என்று நம்புகிறவர். கடைக்கு வந்த யாரோ ஒருவர், பெடலோடு சேர்ந்து சுற்றுகிற முன் செயின் வீலில் பல் குறைந்தால் மிதி லேசாகும், முப்பத்துநாலு பல் போட்டால் மலையே ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானமே இவர் சைக்கிள் கடைக்குப் போய் ஒரு செயின் வீல் வாங்கி, ரொட்டி சுற்றும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து மனைவியிடம் நீட்டினார்.

இருவரும் பின்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து அதைச் சைக்கிளோடு வைத்துப் பார்த்தார்கள். பெடலைத் தாங்குகிற கிராங்கில், செயின் வீலைத் தாங்கிப் பிடிக்க விரித்த கை மாதிரி ஐந்து விரல்கள் இருந்தன. புதிய வீலில் நான்கு ஓட்டைகள் இருந்தன. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் நாலு அஞ்சாகவில்லை.

"விடுங்க" என்றாள் நர்ஸம்மா. "நாற்காலி எனக்குன்னு எழுதியிருக்கு போல."

அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைக்குப் போய், அடுப்புச் சத்தத்தில் குரல் கேட்காத இடத்தில் நின்றுகொண்டு, தங்கைக்குப் போன் செய்தார்.

தங்கையை வீட்டில் எல்லோரும் திருகு என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வயதிலேயே வீட்டுக் கடிகாரத்தைத் திருகித் திருகிப் பிரித்துப் பாயில் பரப்பியவள். இப்போது நாற்பது வயது. இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பம்பு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறாள். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் தூக்கிப் போட்டுவிடுவாள் என்று பெயர். அவளும் அவள் அண்ணியும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அது மாமியார் விழுந்த நாளோடு வந்த வினை. நர்ஸம்மா மேட்டுக்குடியிருப்பில் இருந்தாள். கணவர் கடையில் இருந்தார். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மணி நேரம் எழ முடியாமல் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அங்கேயே போய்விட்டார். அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில், அத்தனை பேர் முன்னாலும் திருகு கேட்டாள்: "ஊரு முழுக்கப் போய்ப் பாக்குறீங்களே அண்ணி, வீட்டுல இருந்த ஒரு உசுரப் பாக்க முடியலயா?"

நர்ஸம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே பதில் சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டால் "வா" என்பாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா திறந்தாள். வாசலில் திருகு கையில் இரும்புப் பெட்டியுடன் நின்றாள்.

"வா" என்றாள் நர்ஸம்மா.

"அண்ணன் சைக்கிள் பாக்கணும்னு சொல்லிச்சு."

"பின்னாடி இருக்கு."

இருவருமே சைக்கிளைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள். ரொட்டிக்கடைக்காரர் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மழையில் நனையாமல் ஓரமாக ஒதுங்கி நிற்பவரைப் போல நின்றார். திருகு நாலு ஓட்டை வீலை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணா, கடையில என்னன்னு கேட்ட?"

"முப்பத்துநாலு பல்லுன்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா? சட்டை வாங்கப் போய் நிறத்தை மட்டும் சொல்லிட்டு வந்த மாதிரி இருக்கு."

பெட்டியைத் திறந்து வெர்னியர் அளவியை எடுத்தாள். பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளின் நடுவுக்கு நடு அளந்தாள். ஒரு முறை அல்ல, ஐந்து இடத்திலும் அளந்தாள். "அறுபத்துநாலு புள்ளி ஏழு மில்லிமீட்டர். அஞ்சு விரல் வீலுக்கு இத ஒண்ணு புள்ளி ஏழால பெருக்கணும். நூத்திப்பத்து. இந்தப் போல்ட் எல்லாம் நூத்திப்பத்து மில்லிமீட்டர் வட்டத்துல உக்காந்திருக்கு. அஞ்சு ஓட்டை, நூத்திப்பத்து வட்டம். இந்த ரெண்டும் சரியா இருந்தாத்தான் பல்லைப் பத்தியே பேச முடியும்."

பிறகு பழைய செயின் வீலின் பற்களை எண்ணினாள். நாற்பத்துநாலு. பின்சக்கரத்தில் கியருக்கு ஒன்றாக அடுக்கியிருந்த பல்சக்கரங்களில் பெரியதை எண்ணினாள். இருபத்தெட்டு.

"இதையா பத்தொன்பது வருஷமா மிதிச்சீங்க?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"கடையில கொடுத்தாங்க. மிதிச்சேன்."

"சமதரையில பறக்குறவங்களுக்குப் போடுறது இது."

பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள். சைக்கிளை முற்றத்துச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டாள். கிராங்கைக் கையால் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற, சைக்கிள் முன்னால் உருண்டது. நின்ற இடத்தில் இன்னொரு கோடு. அளந்தாள். மூன்று மீட்டர் முப்பது. பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டு, அதற்கு உள்ளே இன்னும் இரண்டு கோடுகள் போட்டாள்.

"ஒரு சுத்து சுத்தினா இப்ப இவ்வளவு தூரம் போகுது. முப்பத்தெட்டுப் பல்லுன்னா இந்தக் கோடு. முப்பத்துநாலுன்னா இது. அதுக்குக் கீழ இந்தக் கிராங்குல போட முடியாது. போல்ட்டு மேலயே செயின் உரசும்."

நர்ஸம்மா கோடுகளைப் பார்த்தபடி நின்றாள். முப்பத்துநாலின் கோட்டுக்கும் சைக்கிள் நின்ற கோட்டுக்கும் நடுவே முக்கால் மீட்டர் இருந்தது. ஒரு சின்னக் குழந்தையைப் படுக்க வைக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு அதிகமாக முட்டி இழுத்திருக்கிறது.

"முப்பத்தெட்டு போதும்" என்றாள்.

"ஏன்?"

"முப்பத்துநாலு போட்டா சமதரையில கால் கிறுகிறுன்னு சுத்தும். கடைத்தெருவுல நாலு பேர் பாத்துச் சிரிப்பாங்க."

"அகலக் கால் வைக்காதீங்கன்னு பெரியவங்க சொன்னது இதுக்கும் சேத்துத்தான் அண்ணி" என்றாள் திருகு. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "முட்டி உங்களோடது. முப்பத்தெட்டையும் வாங்கலாம், முப்பத்துநாலையும் வாங்கலாம். ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு முட்டியையே கேப்போம்."

ரொட்டிக்கடைக்காரரைக் கடைக்கு அனுப்பவில்லை; திருகே போனாள். சைக்கிள் கடைக்காரர் அவள் சொன்ன அளவைக் கேட்டதும் எழுந்து நின்று இழுப்பறையைத் திறந்தார் என்று பிறகு அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். இரண்டு வீல்களையும் வாங்கி, வேண்டாததைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பழைய வீலைக் கழற்றத் தொடங்கினார்கள். நான்கு போல்ட்டுகள் மரியாதையாக வந்தன. ஐந்தாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. திருகு எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். நட்டு கூடவே சுற்றாமல் இருக்கப் பின்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நர்ஸம்மா ஒரு பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். இருவர் தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் தூரம். அண்ணனுக்கு அடுப்பில் ஏதோ வேலை வந்துவிட்டது.

திருகு போல்ட்டில் மாட்டிய சாவியை அழுத்தினாள். அசையவில்லை. அழுத்திக்கொண்டே, போல்ட்டிடம் சொல்வது போலச் சொன்னாள்: "அன்னைக்கு நான் கேட்டது தப்பு அண்ணி."

நர்ஸம்மா பிடியை விடவில்லை.

"நான் ரெண்டு மணி நேரத் தூரத்துல இருந்தேன். அம்மாவ வந்து பாத்து நாலு மாசம் ஆச்சு. யாரு மேலயாவது தூக்கிப் போடணும் போல இருந்துச்சு. நீங்க பக்கத்துல நின்னீங்க. போட்டுட்டேன்."

நர்ஸம்மா நட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீ கேக்குறதுக்கு முன்னாடியே நான் என்னையே கேட்டுக்கிட்டேன். ஆம்புலன்ஸ்ல போகும்போதே. நீ வாயால சொன்னதும் அது உறுதியாயிட்ட மாதிரி இருந்துச்சு. உன் மேல கோவம்னு நெனச்சியா? உன்னைப் பாத்தா அந்தக் கேள்வி ஞாபகம் வரும். அதான் பாக்கல."

"இப்ப?"

"இப்பவும் வருது. ஆனா நீயும் கூட வந்து உக்காந்திருக்க."

திருகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கறுப்பு எண்ணெய் இழுவிக்கொண்டது. "கெட்டியாப் பிடிங்க" என்று சொல்லி, முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். போல்ட்டு விட்டுக்கொடுத்தது. விட்ட வேகத்தில் திருகு பின்னால் சாய்ந்து, கடைக்காகச் சுவரோரம் அடுக்கியிருந்த மாவு மூட்டைமேல் விழுந்தாள். வெள்ளையும் கறுப்புமாக எழுந்து வந்தவளைப் பார்த்து நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிங்க, சிரிங்க" என்றாள் திருகு. "சிரிச்சா முட்டிக்கு வலிக்காது."

முதலில் முப்பத்தெட்டைப் போட்டார்கள். நர்ஸம்மா தபால் நிலைய ஏற்றத்துக்குப் போனாள்; திருகு பின்னாலேயே நடந்தாள். முப்பது மிதி தாண்டியது. ஐம்பது தாண்டியது. எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் அந்த ஊசி மெதுவாக முனையைக் காட்டியது. வாய்க்கால் கரை ஏற்றம் இதைவிடச் செங்குத்து, இதைப்போல் ஆறு மடங்கு நீளம். நர்ஸம்மா இறங்கி நின்றாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நோயாளிகள் தன்னிடம் இப்படித்தான் பொய் சொல்வார்கள் என்பது ஞாபகம் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லவே இல்லை என்பார்கள். காலைத் தொட்டால் அலறுவார்கள்.

"வலிக்குது" என்றாள். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். சின்னதையே போடு."

திரும்பி வந்து முப்பத்துநாலைப் பூட்டினார்கள். செயின் இப்போது நீளமாகித் தொங்கியது. திருகு நான்கு கண்ணிகளை எடுத்துவிட்டு இணைத்தாள். சைக்கிளைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்கள். நடு கியரில் பட்டுப்போல் ஓடியது. ஆனால் ஏற்றத்துக்கு வேண்டிய கடைசிக் கியருக்கு வந்ததும் கரகரவென்று இருமத் தொடங்கியது. பெடலைச் சற்றுப் பின்னால் தள்ளியபோது செயின் கழன்று கீழே விழுந்தது.

திருகு மறுபடி அளந்தாள். ஓட்டை சரி, வட்டம் சரி, செயின் நீளம் சரி. மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது. முகம் சிவந்துவிட்டது. வெர்னியரை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மா எழுந்து சைக்கிளின் பின்னால் போனாள். குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நடக்கச் சிரமப்படுகிறவர்களை அவள் எப்போதும் பின்னால் நின்றுதான் பார்ப்பாள். முன்னால் நின்றால் அவர்கள் நம்மைப் பார்த்து நேராக நடப்பார்கள். பின்னால் நின்றால்தான் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதென்று தெரியும்.

"திருகு, இங்க வந்து பாரு. செயின் நேரா வரல. கோணலா வருது. முன்னாடி வெளியே தள்ளியிருக்கு, பின்னாடி உள்ளே போகுது."

திருகு வந்து குனிந்தாள். முன் வீலையும் பின் பல்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "பழைய வீலு பெருசு. உள்பக்கம் மாட்டினா சட்டத்துல உரசும்னு விரலுக்கு வெளிப்பக்கம் மாட்டியிருக்காங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டு அதே இடத்துல மாட்டிட்டேன். இது சின்னது. உள்ளே தாராளமா இடம் இருக்கு. நூல் கணக்கா அளந்துட்டு எந்தப் பக்கம்னு பாக்காம விட்டேன் பாருங்க!"

"இத எங்க ஆஸ்பத்திரியிலயும் செய்வாங்க" என்றாள் நர்ஸம்மா. "ரிப்போர்ட்டப் பாப்பாங்க, ஆளப் பாக்க மாட்டாங்க."

வீலைக் கழற்றி, திருப்பி, விரல்களின் உள்பக்கமாக வைத்துப் பூட்டினாள். சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதென்று அளவி விட்டுப் பார்த்தாள். ஐந்து மில்லிமீட்டர். போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். நர்ஸம்மா பின்னால் நின்று "இப்ப நேர்" என்றாள். பெடலைச் சுற்றினார்கள். இருமல் நின்றுவிட்டது. முன்னால் சுற்றியும் பின்னால் சுற்றியும் செயின் விழவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "முடிஞ்சிடுச்சா? நான்தான் அப்பவே முப்பத்துநாலுன்னு சொன்னேனே" என்றார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு மறுபடி அடுப்பில் வேலை வந்துவிட்டது.

அன்று மாலைப் பேருந்துக்குப் போகவேண்டிய திருகு போகவில்லை. திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டாள்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு நர்ஸம்மா பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மேலதிகாரி ஜீப்பை ஒரு நாள் முன்னதாகவே கேட்டு வாங்கி, குவாரி வழியாக மேலே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். "பதினோரு வீடு. ஒரு மணிக்குள்ள" என்பதுதான் பேச்சு.

வாய்க்கால் கரையின் கல்தூண்களைத் தாண்டியதும் கடைசிக் கியருக்கு மாற்றினாள். கால்கள் சின்னச் சின்னதாகச் சுற்றின. மிதிக்கக் கூடாது, சுத்தணும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாயோடு வேகநடை போகிற பல் டாக்டர் ஒருவர் பின்னாலிருந்து வந்து அவளோடு சேர்ந்துகொண்டார். அவரால் அவளைத் தாண்டவும் முடியவில்லை, அவளால் அவரைத் தாண்டவும் முடியவில்லை. சைக்கிளும் மனிதரும் நாயும் ஒரே வரிசையில் மேடு ஏறினார்கள்.

"ரொம்ப நாளாக் காணோமே?"

"முட்டி ஆபரேஷன் சார்."

"அப்புறம் எப்படி மேடு ஏறுறீங்க?"

"செயின் வீலை மாத்திட்டோம். முப்பத்துநாலு பல்லு."

டாக்டர் யோசித்தார். "ரெண்டு அதிகமா இருக்கே. எடுத்துடலாமா?"

சிரித்ததில் நர்ஸம்மாவின் சைக்கிள் ஒரு பக்கம் வளைந்து, நாய் துள்ளி விலகியது. ஆனால் கால் நிற்கவில்லை. இரண்டாவது வளைவில் ஏற்றம் நிமிர்ந்து நின்றது. அங்கேதான் அவளுக்குப் பயம். முட்டிக்குள் ஏதோ ஒரு இறுக்கம் வந்தது. ஊசி வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த மூச்சை விட்டு, காலை இன்னும் மெதுவாக்கினாள். நாய் அவளை முந்திப் போயிற்று, டாக்டரும் போனார். அவள் தனியாக, ஆமையாக, சுற்றிக்கொண்டே போனாள். இறுக்கம் இறுக்கமாகவே இருந்து மெல்லக் கரைந்தது. மதகுப் பக்கம் தானே இறங்கித் தண்ணீர் குடித்தாள். வலித்ததனால் இறங்கவில்லை, இறங்கலாம் என்று தோன்றியதால் இறங்கினாள். அந்த வித்தியாசத்தை நினைத்துத் தண்ணீரை இன்னொரு மடக்குக் குடித்தாள்.

மேலே முதல் வீடு லாரி டிரைவர் வீடு. சர்க்கரைப் புண்ணால் வலது கால் தரையில் ஊன்ற முடியாமல் ஐந்து மாதமாக வீட்டில் இருப்பவர். கதவுச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு? ஜீப்பு நாளைக்குத்தானே?"

"ஜீப்பு இல்ல, நான்தான்."

அவர் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க ஆபீஸ்ல உக்காந்துட்டீங்கன்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க. காலைக் காட்டுங்க. யாரு இந்தக் கட்டுப் போட்டது? மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி இருக்கு."

கட்டைப் பிரித்தாள். புண்ணின் ஓரம் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. வாரம் மூன்று முறை பார்க்க வேண்டிய புண். அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் துடைத்து, மருந்து வைத்து, புதிதாகக் கட்டினாள். "வியாழக்கிழமை வருவேன்" என்றாள். சொல்லும்போது அது நிச்சயமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள்.

ஒரு மணி அடித்தபோது ஒன்பது வீடு முடிந்திருந்தது. மேலதிகாரி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஜீப்பருகே நின்றிருந்தார். கையில் பட்டியல்.

"ஒன்பது" என்றார்.

"ரெண்டு பாக்கி மேடம். பழைய வேகம் இல்ல. பொய் சொல்ல விரும்பல. ஆனா வலி இல்ல. நாளைக்கும் வர முடியும், நாளன்னைக்கும் வர முடியும்."

மேலதிகாரி அவளுடைய சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். செயின் வீலையும் பார்த்தார். அவருக்கு அதில் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. பிறகு பட்டியலில் கடைசி இரண்டு வீடுகளைப் பேனாவால் வளைத்தார். "இந்த ரெண்டும் குவாரி ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. இதுல கட்டு மாத்துற வேலையும் இல்ல. வாரம் ஒரு தடவை போதும், ஜீப்பு பாத்துக்கட்டும். மிச்சம் உங்களோடது. மூணு மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க, மறுபடி பேசலாம்."

"மூணு மாசம்தானா?"

"முட்டிய நான் நம்புறேன்மா. நீங்க ஓய்வு எடுப்பீங்கன்னு நம்பல" என்றார் மேலதிகாரி. ஜீப்பில் ஏறும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இறக்கத்தில் நர்ஸம்மா பெடலே போடவில்லை. கடைத்தெருச் சமதரையில் கால் கிறுகிறுவென்று சுற்றத்தான் செய்தது. சைக்கிள் கடைக்காரர் மட்டும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, எழுந்து நின்று கை காட்டினார். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி, முட்டிமேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு திருகுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் லேத் இரைந்தது.

"ஒன்பது வீடு" என்றாள்.

"என்ன? கேக்கல!"

"ஒன்பது வீடுடி!"

லேத்தின் இரைச்சல் நின்றது. "நூறு கிலோமீட்டர் ஓடினதும் போல்ட்டெல்லாம் ஒரு தடவை இறுக்கணும் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை வரட்டா?" என்றாள் திருகு.

"வா" என்றாள் நர்ஸம்மா. அந்த ஒற்றை வார்த்தை போதாது என்று பட்டது. "காலையிலயே வா. இருந்து சாப்பிட்டுட்டுப் போலாம்."

ஞாயிற்றுக்கிழமை திருகு வந்தபோது முற்றத்தில் ஒரு சைக்கிள் அல்ல, நான்கு நின்றன. தடுப்பூசி போடுகிறவள், முதுகுவலிக்காரியான மருந்தாளர், பிள்ளை பெற்று ஆறு மாதமே ஆன இளைய நர்ஸ் என்று மூன்று பேர் ரொட்டி தின்றபடி காத்திருந்தார்கள். நர்ஸம்மா எதுவும் விளம்பரம் செய்யவில்லை. செயின் வீலைக் கேட்டவர்களுக்குக் காட்டினாள், அவ்வளவுதான்.

"எனக்கும் அந்த முப்பத்துநாலே போட்டுக் கொடுங்க" என்றாள் தடுப்பூசிக்காரி.

திருகு பெட்டியைக் கீழே வைத்தாள். தடுப்பூசிக்காரியின் காலைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். வெர்னியரை இன்னும் வெளியே எடுக்கவில்லை. "அது அண்ணியோட முட்டிக்கு. நீங்க தினமும் எந்தப் பக்கம் போறீங்க? மேடா, சமதரையா? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றாள்.

நர்ஸம்மா மூன்று சைக்கிள்களின் பின்னாலும் போய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள்.